பிழைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன என்று கேட்டால், வரப்போகும் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். குழந்தை மையக் கல்வி, செயல்வழிக் கற்றல், அன்பான அணுகுமுறை, மாணவரின் முழு ஆளுமை வளர்ச்சி என்று பி.எட். தேர்வுத்தாளில் எழுதிய சொற்களே திரும்ப வரும். எல்லாம் நல்ல சொற்கள்தான். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், யாரும் மறுக்காத ஒன்று யாருக்கும் வழி காட்டுவதும் இல்லை. பிரம்பைக் கீழே வைக்காத ஆசிரியரும் அன்பைப் பற்றிப் பேசுவார். பாடப்புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிக்க வைப்பவரும் குழந்தை மையக் கல்வி என்று பாடக்குறிப்பில் எழுதுவார். இரண்டு வழிகளுக்கு நடுவே ஆசிரியர் தடுமாறி நிற்கும் நொடியில் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்வதற்குத்தான் கொள்கை. வகுப்பறையில் அப்படிப்பட்ட நொடி அன்றாடம் பலமுறை வருகிறது. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஒரு பிள்ளை எழுந்து தவறான விடை சொல்கிறது. அடுத்து அவர் என்ன செய்கிறார்? 'உட்காரு, அடுத்து நீ சொல்லு' என்கிறாரா? சரியான விடையைத் தானே சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறாரா? திட்டுகிறாரா? அந்த விடை எப்படி வந்தது என்று கேட்கிறாரா? ஓர் ஆசிரியரின் கல்விக் கொள்கை என்னவென்று அப்போது தெரிந்துவிடும்.

புதிய ஆசிரியர் பற்றிக்கொள்ள ஒரே ஒரு கொள்கையைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: மாணவரின் தவறான விடை, அவர் எப்படி யோசிக்கிறார் என்பதற்கு ஆசிரியர் கைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று. அதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கற்பித்தலின் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பாடக்குறிப்பு, தேர்வு, தண்டனை, ஆசிரியர் பயிற்சி, பள்ளி ஆய்வு என்று இன்று நாம் வழக்கமாகச் செய்துவரும் பலவற்றை இது கேள்விக்கு உள்ளாக்குகிறது.

பிள்ளைகள் தாறுமாறாகத் தவறு செய்வதில்லை

52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகளை எந்தத் தொடக்கப் பள்ளியிலும் பார்க்கலாம். கவனக் குறைவு என்று தோன்றும். அப்படியில்லை. 2இலிருந்து 7 போகாது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5. 5இலிருந்து 3ஐக் கழித்து 2. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியை அந்தப் பிள்ளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. விதிதான் தவறு, அதைப் பின்பற்றியதில் பிசகே இல்லை. இன்னொரு பிள்ளை 304இலிருந்து 128ஐக் கழித்து 276 என்கிறது. அதற்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் நடுவில் உள்ள சுழியத்தை 9 ஆக்கிவிட்டு, அந்தக் கடனை நூறின் இடத்திலிருந்து எடுக்க மறந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆசிரியர் ஒரே மாதிரி சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுகிறார். ஆனால் இருவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு வேறு. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் ஆகிய ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு திட்டமான நடைமுறை இருப்பதைக் காட்டினார்கள். கணினி நிரலில் ஒரு வரி பிசகினால் விடைகள் எல்லாம் ஒரே விதமாகத் தவறுவதைப் போலவே பிள்ளைகளின் விடைகளும் தவறுகின்றன என்பது அவர்கள் கண்டது.

கணக்கோடு இது நின்றுவிடவில்லை. தமிழ் கற்கும் பிள்ளைக்கு 'கொ' என்ற எழுத்து ஒரு புதிர். முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய பிள்ளை அதை 'கெகா' என்று வாசித்தால், தனக்குத் தெரிந்த கெ, கா இரண்டையும் வைத்து நியாயமாகத்தான் வாசித்திருக்கிறது. பழத்தைப் 'பளம்' என்று எழுதும் பிள்ளை தன் காதை நம்பி எழுதுகிறது. வீட்டிலும் தெருவிலும் ழகரம் கேட்காதபோது தாளில் மட்டும் அது எங்கிருந்து வரும்? இன்னொரு பக்கம், மூன்றாம் வகுப்புப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே விரலை வேறு வரியின் மேல் வைத்திருக்கும் பிள்ளை இருக்கிறது. அதன் வாயிலிருந்து வருவதெல்லாம் சரியான விடை. ஆனால் அதற்கு வாசிக்கத் தெரியாது. சரியான விடைக்குள்ளும் பிழை ஒளிந்திருக்கலாம். 0.4, 0.35 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 4ஐவிட 35 பெரியது என்பதால் 0.35 என்று சிலர் சொல்வார்கள். 0.4 என்று சரியாகச் சொல்பவர்களிலும், தசமப் புள்ளிக்குப் பிறகு நீளமாக இருந்தால் அது சிறிய எண் என்று நினைத்துச் சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் 0.45, 0.3 ஆகிய எண்களைக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் சங்கதி, வளர வளரத் தானே சரியாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. 1987இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்ற ஆவணப்படம், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், பேராசிரியர்கள் எனப் பலரிடம் பருவகாலங்கள் ஏன் ஏற்படுகின்றன என்பது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டது. 23 பேரில் 21 பேர் தவறாகச் சொன்னார்கள். பூமி சூரியனுக்கு அருகில் போகும்போது கோடை, விலகும்போது குளிர் என்பது பலரின் விளக்கம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். நமக்கு மார்கழிப் பனி கொட்டும் காலம் அது. பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிப் பள்ளியிலும் கல்லூரியிலும் அவர்கள் படித்திருப்பார்கள், தேர்விலும் எழுதியிருப்பார்கள். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்ற சிறு வயது அனுபவம் அவர்களுக்குக் கொடுத்த விளக்கத்தை யாரும் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. பழைய விளக்கம் அப்படியே இருக்க, அதன் மேல் புதிய பாடம் பூசப்பட்டது. தேர்வு முடிந்ததும் பூச்சு உதிர்ந்துவிட்டது.

எது தெரிந்திருந்தால் நல்ல ஆசிரியர்?

பாடத்தில் புலமை இருந்தால் கற்பித்தல் தானாக வந்துவிடும் என்று நம் ஆள்சேர்ப்பு முறை நம்புகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுகளும் பெரும்பாலும் சரியான விடை தெரிந்தவர்களைத்தான் பிரித்தெடுக்கின்றன. பாட அறிவு கட்டாயம் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. அது மட்டும் போதுமா என்பதே கேள்வி. பிலிப் சாட்லரும் அவரது குழுவினரும் அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளின் 181 அறிவியல் ஆசிரியர்களையும் அவர்களிடம் படித்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. மாணவர்களுக்குக் கொடுத்த அதே வினாத்தாளை ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை எது, உங்கள் மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கப்போகும் தவறான விடை எது என்ற இரண்டையும் குறிக்கச் சொன்னார்கள். மாணவர்களிடம் ஆழமாக வேரோடிய தவறான கருத்துகள் தொடர்பான கேள்விகளில், சரியான விடை மட்டும் தெரிந்த ஆசிரியர்களின் மாணவர்களைவிட, தவறான விடையையும் முன்கூட்டிக் கணித்த ஆசிரியர்களின் மாணவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் ஏற்கெனவே பின்தங்கியிருந்த மாணவர்களிடம் இந்தப் பயன் தென்படவில்லை என்பதையும் அந்த ஆய்வு சேர்த்தே சொன்னது. அடிப்படை வாசிப்பு இல்லாத இடத்தில் அறிவியல் ஆசிரியரின் நுட்பம் எடுபடாது. முதலில் கண்டறிய வேண்டிய பிழை வாசிப்பில்தான் இருக்கிறது என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

புலமை அதிகமானால் சில சமயம் அதுவே கண்ணை மறைக்கும். அல்ஜீப்ரா பற்றி நேத்தன், பெட்ரோசினோ ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் இருந்த ஆசிரியர்களில் கணிதப் புலமை மிகுந்தவர்கள், குறியீட்டுச் சமன்பாடுகள்தான் மாணவர்களுக்கு எளிது, கதைக் கணக்குகள் கடினம் என்று கணித்தார்கள். தொடக்கநிலை மாணவர்களின் நிலைமை பெரும்பாலும் நேர்மாறாக இருந்தது. தனக்கு எது எளிதோ அதுவே எல்லோருக்கும் எளிது என்று நினைக்கும் குருட்டுப் புள்ளி இது. முதுகலையில் முதல் வகுப்பு, போட்டித் தேர்வில் நல்ல தரவரிசை என்று வரும் புதிய ஆசிரியருக்கு ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது நேரும் திகைப்பு இங்கிருந்து பிறக்கிறது. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று ஒரு பிள்ளை எழுதுவதை அவரால் நம்ப முடிவதில்லை. 'இதுகூடத் தெரியலையா?' என்ற கேள்வி அவரை அறியாமல் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறப்பது அரிது.

மதிப்பெண் மறைப்பவை

பத்துக்கு நான்கு என்ற மதிப்பெண், பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதைச் சொல்வதே இல்லை. இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத் தக்கது. ஒரு பகுதி மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதிக்கு எழுத்துவழிக் கருத்து மட்டும், இன்னொரு பகுதிக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்க்கவில்லை. பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கற்பித்தலின் போக்கிலேயே மாணவரின் புரிதலை அறிந்து அதற்கேற்பப் பாடத்தை மாற்றிக்கொள்வது கற்றலைக் கணிசமாக உயர்த்துகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த உயர்வு எவ்வளவு என்பதில் பிறகு வந்தவர்களிடையே விவாதம் உண்டு; உயர்வு உண்டு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தமிழ்நாட்டில் 2012-13இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை வந்தபோது அதன் நோக்கமும் இதுவே. நடைமுறையில் நடந்தது வேறு. அந்த முறையின் ஒரு பகுதியான வளரறி மதிப்பீடு என்பது செயல்திட்டக் கோப்பு, அட்டைப்படம், ஒட்டிய படங்கள், அவற்றுக்கு நாற்பதுக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் என்றாகிவிட்டது. மதிப்பீட்டின் பெயரில் பதிவேடுகள் கூடினவே தவிர, பிள்ளை எங்கே இடறுகிறது என்ற அறிவு கூடவில்லை. ஆகவே புதிய முறை, புதிய பெயர், புதிய செயலி எது வந்தாலும் புதிய ஆசிரியர் ஒரு கேள்வியைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்: இதைச் செய்து முடித்த பிறகு என் வகுப்புப் பிள்ளைகளின் யோசனையைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது?

நாட்டின் நிலைமை இந்தக் கேள்வியை இன்னும் அவசரமாக்குகிறது. ஊரகப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 27.3%, பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் 20.5%, 2024இல் 27.1%. ஐந்தாம் வகுப்பில்கூட 2024இல் 48.8% பேர்தான் அதே பாடத்தை வாசித்தார்கள். இந்த ஆய்வின் முறை பற்றிக் கல்வித் துறையினரிடையே விமர்சனங்கள் உண்டு. அவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அந்த வகுப்பின் பாடத்தில் இல்லை என்பது புலப்படுகிறது. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை அப்படியே நடத்திச் செல்லும் ஆசிரியர் தன் வகுப்பில் பாதிப் பேரிடம் பேசவே இல்லை. வதோதராவிலும் மும்பையிலும் 'பிரதம்' அமைப்பு அமர்த்திய உள்ளூர் இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து அவர்கள் நின்றுபோன இடத்திலிருந்து கற்பித்தபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தப் பெண்களிடம் பி.எட். பட்டம் இல்லை, பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கும் வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகளும், 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் இதே சிந்தனையின் கிளைகள்தான்.

'போர்ஷன் யார் முடிப்பது?'

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது ஆசிரியர்களிடமிருந்து வரும் முதல் மறுப்பு. அது நியாயமான மறுப்பு. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35க்கு ஒருவர் என்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள். இடையில் 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல், பயிற்சிக் கூட்டம். ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு தவறையும் ஆராயச் சொன்னால் அது நடக்காது. அப்படிச் செய்யத் தேவையும் இல்லை. பிழைகள் முறையானவை என்பதாலேயே அவை எண்ணிக்கையில் குறைவு. நாற்பது பேர் வகுப்பில் ஒரு கழித்தல் கணக்குக்கு நாற்பது விதமான தவறான விடைகள் வருவதில்லை. மூன்று அல்லது நான்கு விதம்தான் வரும். பாடத்தின் நடுவில், அந்த மூன்று நான்கு பிழைகளும் வெவ்வேறு விடைகளாக வெளிப்படும்படி ஒரு கேள்வியைத் தேர்ந்து போட்டு, எல்லோரையும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் வகுப்பின் நிலவரம் தெரிந்துவிடும். போர்ஷனை முடித்துவிட்டேன் என்ற நிம்மதி ஆசிரியருக்கு மட்டும் சொந்தம். ஏழாம் வகுப்பில் முடித்த தசம எண்களை ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் மறுபடி தொடக்கத்திலிருந்து நடத்தவேண்டி வருகிறது என்றால் அங்கே எந்தப் போர்ஷனும் முடியவில்லை.

ஆனால் முழுச் சுமையையும் ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிவிடவும் கூடாது. பிள்ளைகளின் நிலைக்கேற்பக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, வழக்கமான பாடவேளைக்குள்ளேயே அதைச் செய்யச் சொன்ன மாநிலங்களில் பெரிய பயன் விளையவில்லை. ஹரியாணாவில் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையையும் ஏற்பாடு செய்தபோது அதே அரசு ஆசிரியர்களின் வகுப்புகளில் மொழிப்பாடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. கொள்கை ஆசிரியருடையது, அதற்கான நேரம் அரசு கொடுக்க வேண்டியது.

பயம் சான்றை அழித்துவிடும்

அடியாத மாடு படியாது என்ற பழமொழி இன்றும் ஆசிரியர் அறைகளில் உலவுகிறது. தவறுக்குத் தண்டனை இல்லாவிட்டால் ஒழுங்கு வராது என்பது இரண்டாவது மறுப்பு. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. சட்டத்தையும் மனிதநேயத்தையும் ஒரு கணம் ஒதுக்கிவைத்து, கற்பித்தலின் தேவையை மட்டும் வைத்தே இதைப் பார்க்கலாம். தவறான விடைக்கு அடியோ ஏளனமோ கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை என்ன செய்யும்? திருத்திக்கொள்ளாது, மறைத்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும், உரைநூலில் உள்ளதை வரி மாறாமல் ஒப்பிக்கும், கை தூக்காமல் கடைசி வரிசையில் அமைதியாக இருந்துவிடும். வகுப்பு மிகவும் ஒழுங்காகக் காட்சி தரும். எல்லா நோட்டிலும் ஒரே விடை சுத்தமாக இருக்கும். ஆசிரியருக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. சாதிப் பெயராலும் தோற்றத்தாலும் குடும்பத் தொழிலாலும் ஏற்கெனவே கூனிக் குறுகி வரும் பிள்ளைதான் இந்த மறைத்தலில் முதலில் தேர்ச்சி பெறுகிறது. ஆகவே அச்சமற்ற வகுப்பறை என்பது கற்பித்தல் நடப்பதற்கான முன்நிபந்தனை. மேரி பட் ரோ 1970களில் செய்த ஆய்வுகளில், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் மாணவர்களின் விடைகள் நீண்டன, அதிகம் பேர் பேச முன்வந்தார்கள் என்றும் கண்டார். இரண்டு நொடி பொறுமைக்குப் பட்ஜெட் தேவையில்லை.

தவறுகளைக் கொண்டாடினால் பிள்ளைகள் தவறிலேயே நின்றுவிடுவார்கள், தாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் எதுவும் கற்க மாட்டார்கள் என்று எச்சரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் வலுவான சான்று உண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரை, ஒரு துறைக்குப் புதியவர்களுக்கு வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் முறைகள் பயன் தருவதில்லை என்று வாதிட்டது. அதை நான் ஏற்கிறேன். பிழையைப் படிப்பது என்பது பிழையை அப்படியே விட்டுவைப்பது ஆகாது. கண்டுபிடித்த பிறகு ஆசிரியர் நேரடியாக, தெளிவாக, தேவைப்பட்டால் பலமுறை விளக்க வேண்டும். பயிற்சியும் கொடுக்க வேண்டும். எதை விளக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு விளக்குகிறார் என்பதில்தான் வேறுபாடு. 276 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்குதலை மறுபடி அடியிலிருந்து நடத்தினால் அதற்குச் சலிப்புதான் மிஞ்சும். சுழியத்தைத் தாண்டிக் கடன் வாங்கும் இடத்தைக் காட்டினால் ஒரு பாடவேளையிலேயே சரியாகிவிடலாம்.

மெல்லக் கற்போர் என்ற பட்டியல்

ஆழமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு என்ன செய்தாலும் ஏறாது. வீடு அப்படி, வறுமை அப்படி, பிறவி அப்படி என்பது அது. நம் மரபிலேயே இதற்கு இடம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை என்று தரம் பிரிக்கிறது. கடை மாணாக்கருக்கு ஓட்டைக் குடத்தையும் எருமையையும் உவமை சொல்கிறது. இந்த வகைப்பாட்டை மட்டும் நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். அதே பாயிரம் ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை என்பது மறந்துபோயிற்று. போட்ட வரிசை மாறிக் கொட்டும் கழற்குடத்தையும், திணித்ததைச் சிறிது சிறிதாக மட்டுமே வெளியே எடுக்க முடிகிற பருத்திக் குண்டிகையையும் ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அது உவமையாக்குகிறது. கொள்பவரின் திறம் அறிந்து, அவர் மனம் ஏற்கும் விதத்தில் பாடம் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பையும் ஆசிரியர் மேல் வைக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தப் பொறுப்பையே இன்றைய ஆய்வுகள் வேறு மொழியில் சொல்கின்றன. முத்தரத்தைத் தள்ளிவிட்டு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதே நமக்கு உகந்தது.

வறுமை கற்றலைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் இந்த மாநிலம் 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956, 1982 என்று மதிய உணவை விரிவாக்கி, 2022இல் காலை உணவுவரை வந்திருக்கிறது. பசியோடு வரும் பிள்ளையால் படிக்க முடியாது என்ற உண்மையை அரசு சாக்காகச் சொல்லவில்லை; செய்ய வேண்டிய வேலையாக எடுத்துக்கொண்டது. வகுப்பறைக்குள் அதே மனநிலை வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்காக ஆண்டுதோறும் தயாராகும் 'மெல்லக் கற்போர்' பட்டியலும், அவர்களுக்கென்று அச்சிடப்படும் குறைந்தபட்சக் கற்றல் கையேடும் இதற்கு நேர்மாறான மனநிலையைக் காட்டுகின்றன. எட்டு மாதத்தில் நாற்பது கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்ச்சி பெறச் செய்யலாம். அந்தப் பிள்ளை எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்தத் தவறான விதியைப் பிடித்துக்கொண்டு நின்றுபோனது என்று யாரும் பார்ப்பதில்லை. மெதுவாகக் கற்கிறது என்று நாம் சொல்லும் பிள்ளை, பல நேரங்களில் தவறான ஒன்றை விரைவாகவும் உறுதியாகவும் கற்றுவிட்ட பிள்ளையாக இருக்கிறது. மெய்யாகவே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சிறப்பாசிரியரின் உதவி தேவை. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவும் பிழைகளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செய்யக்கூடியவை

இந்தக் கொள்கையைத் தனி ஒருவர் சுமக்க வேண்டியதில்லை. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாடம் திட்டமிடும் வழக்கத்தை ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் ஆகியோர் 1999இல் எழுதிய நூலில் விவரித்தார்கள். அங்கே பாடத்திட்டத் தாளில், மாணவர்கள் தரக்கூடிய விடைகளை, தவறானவையும் சேர்த்து, முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். எந்த விடைக்கு எப்படி எதிர்வினை செய்வது என்றும் பேசி முடிவு செய்கிறார்கள். நம் பாடக்குறிப்பில் கற்றல் விளைவு உண்டு, துணைக்கருவி உண்டு, கருத்து வரைபடம் உண்டு. பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. அதற்கு ஒரு கட்டம் சேர்ப்பதில் செலவு எதுவும் இல்லை. குறுவள மையக் கூட்டங்களில் ஸ்லைடு பார்ப்பதற்குப் பதிலாக, அந்த மாதம் தங்கள் வகுப்பில் அதிகம் வந்த ஒரு தவறான விடையை ஒவ்வொருவரும் கொண்டுவந்து பேசினால், ஓர் ஒன்றியத்தின் ஆசிரியர்கள் சில ஆண்டுகளில் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஓர் அறிவைச் சேர்த்துவிடுவார்கள். பி.எட். படிப்பு 2015இலிருந்து ஈராண்டாகி, அதில் 20 வாரங்கள் பள்ளியில் கழிகின்றன. அந்த 20 வாரங்களில் பயிற்சி ஆசிரியர் எத்தனை வகுப்பு எடுத்தார், எத்தனை சார்ட் செய்தார் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஐந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் தொடர்ந்து படித்து அவர்களின் பிழைகளுக்குப் பின்னுள்ள விதிகளை எழுதச் சொன்னால் அவர் ஆசிரியராக வெளியே வருவார்.

பள்ளி ஆய்வு மாற வேண்டும் என்பதே இவற்றில் முதன்மையானது. ஆய்வுக்கு வரும் அதிகாரி என்ன கேட்கிறாரோ அதைத்தான் பள்ளி செய்யும். நோட்டுகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா, பதிவேடு முடிந்திருக்கிறதா என்று அவர் பார்க்கும்வரை நோட்டுகளில் கரும்பலகையிலிருந்து படியெடுத்த சரியான விடைகள் மட்டுமே இருக்கும். அவர் கேட்க வேண்டியது வேறு: கடந்த வாரம் உங்கள் வகுப்பில் அதிகப் பிள்ளைகள் எழுதிய தவறான விடை எது? அதற்குப் பிறகு நீங்கள் என்ன மாற்றிச் செய்தீர்கள்? ஓய்வை நெருங்கும் ஆசிரியரிடமும் நேற்றுச் சேர்ந்தவரிடமும் இதே இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் கற்பித்தல் கொள்கை என்ன என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.